நாக்கில் படாத சூப்

மூன்றாவது தடவையாக நுரை பொங்கி வழிந்து ஸ்டவ்வை அணைத்தது. மண்ணெண்ணெய் வாடையும் கருகிய பருப்பு வாடையும் கொல்லை முழுக்கப் பரவின. கிணற்றடியில் குந்தியிருந்த கண்ணபிரான் மேல்துண்டால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கி வைத்துவிட்டு, ஸ்டவ்வின் திரிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். இதைக் கிளறுகிற கரண்டி வீட்டுக்குள் வரக் கூடாது என்று அவர் மனைவி அரவிந்தவல்லி காலையிலேயே சொல்லியிருந்தாள். இப்போது நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, பாத்திரமும் வரக் கூடாது என்றாள். கொஞ்சம் யோசித்துத் துண்டையும் சேர்த்துக்கொண்டாள்.

"அப்போ நான்?" என்று கேட்டார் கண்ணபிரான்.

"ஸ்நானம் பண்ணிட்டு வாங்கோ."

பாத்திரத்தில் இருந்தது பட்டாணிப் பருப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் அதை வீட்டுக்கென்று வாங்குகிறவர்கள் அநேகமாக இல்லை. கடலைப் பருப்பு கட்டுப்படியாகாத வடைக் கடைக்காரர்கள் சாயங்காலமாக வந்து, பெயரைச் சொல்லாமல் கையால் காட்டி வாங்கிப் போவார்கள். அரவிந்தவல்லியின் வீட்டில் எது சமைத்தாலும் முதலில் பூஜை அலமாரியில் இருக்கும் பெருமாளுக்கு அமுது செய்விக்க வேண்டும். அதன் பிறகுதான் மனிதர்கள் வாயில் வைக்கலாம். பட்டாணி ஆசாரத்துக்கு ஆகாது என்று அவள் அதைப் பெருமாளுக்கு முன்னால் கொண்டுபோக மாட்டாள். ஆகவே அந்த வீட்டில் யாரும் அதை வாயில் வைக்க முடியாது. ஆனால் நாளை மதியத்துக்குள் அது ஒரு ஜெர்மன்காரர் வாயில் வைக்கும்படி ஆகிவிட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணபிரானுக்கு வேலை போய்விடும்.

எண்பத்தேழாம் வருடம் மே மாதம். கண்ணபிரானுக்கு ஐம்பத்தொரு வயது. பதினைந்து வருடமாக ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் கெஸ்ட் ஹவுசில் சமையல்காரர். அதற்கு முன்னால் கல்யாணங்களுக்குச் சமைக்கப் போய்க்கொண்டிருந்தார். எங்கேயும் எந்தக் காலத்திலும் சமைத்ததை அவர் ருசி பார்த்தது கிடையாது. பெருமாளுக்குப் போக வேண்டியதை நாக்கில் வைத்து எச்சில் பண்ணக் கூடாது என்பது ஒரு காரணம். தேவையில்லை என்பது இன்னொரு காரணம். கொதிக்கிற சத்தத்தை வைத்துப் புளி போதுமா என்று சொல்லிவிடுவார். உப்புக்கு வாசனை உண்டு என்பது அவர் கட்சி. கெஸ்ட் ஹவுசில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், பெருமாளுக்குப் போன பிறகும்கூட, தான் சமைத்ததை அவர் சாப்பிடுவதில்லை. வீட்டிலிருந்து தயிர் சாதம் கொண்டுபோவார். வீட்டில் சமையல் அரவிந்தவல்லியுடையது. ஆக, தன் கைச் சமையல் எப்படி இருக்கும் என்பது ராஜபாளையத்துக்கு வந்து போகும் பம்பாய் வியாபாரிகளுக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்குத் தெரியாது. உப்புக் கூடிற்று குறைந்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்புக் கிண்ணம் வைக்க அவர் சம்மதித்ததும் இல்லை.

ஜெர்மன்காரர் பெயர் வெர்னர். மில்லுக்கு வந்த புது மெஷின்களைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர். ஐந்து வாரமாக ரொட்டியும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. சாத்தமுது என்கிற ரசத்தைக் காட்டினால் இருமினார். வாரம் ஒரு தடவை தன் பெல்ட்டை மில் ஒர்க்ஷாப்புக்கு எடுத்துப்போய் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார். மேனேஜர் சங்கரலிங்கம் அந்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்தாவது ஓட்டை விழுந்த சனிக்கிழமை, என்னதான் வேண்டும் என்று வெர்னரிடமே கேட்டார். வெர்னர் ஒரு காகிதத்தில் எழுதி, படமும் வரைந்து கொடுத்தார். பருப்பு, கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகு, ஏதோ ஒரு தழை, ஒரு பன்றிக் கால். சங்கரலிங்கம் பன்றிக் காலைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, தழைக்குப் பக்கத்தில் 'கொத்தமல்லி மாதிரி' என்று எழுதினார். காகிதத்தைக் கண்ணபிரானிடம் கொடுத்தபோது அவர் குரலை உயர்த்தவில்லை.

"சாமி, திங்கக்கிழமை மத்தியானம் அந்த மனுசன் சாப்பிட்டாகணும். சாப்பிடலேன்னா செவ்வாய்க்கிழமை கொடைக்கானல்ல இருந்து ஆள் வருது. அவன் வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்துல சமைச்சவன். பொறவு எங்கிட்ட வந்து நிக்கப்படாது."

ஞாயிற்றுக்கிழமை சங்கரலிங்கம் வெர்னரை மலையணில் காட்டுவதற்காகச் செண்பகத்தோப்புக்கு அழைத்துப் போனார். கண்ணபிரானுக்கு அன்று ஓய்வு. மேனேஜர் கண்ணெதிரே முதல் முறையாகச் செய்து தப்பாகப் போவதைவிட வீட்டில் ஒரு தடவை காய்ச்சிப் பார்த்துவிடலாம் என்று, காலையில் சேக் முகைதீன் கடைக்குப் போய்ப் பட்டாணிப் பருப்பும், வெள்ளைக்காரருக்குக் கல்லுப்பு ஆகாது என்று ஒரு பொட்டலம் தூள் உப்பும் வாங்கி வந்தார்.

குளித்துவிட்டு வந்து நாலாவது தடவை அடுப்பைப் பற்றவைத்தார். பெரிய பாத்திரத்துக்கு மாற்றினார். அதுவும் இனி வீட்டுக்குள் வரக் கூடாது என்றானது. பதினொரு மணிக்குப் பருப்பு குழைந்தது. கேரட்டும் கிழங்கும் கரைந்தன. வெங்காயத்தை அவர் தொடுவதில்லை என்பதால் அது இல்லாமலே மிளகைப் பொடித்துப் போட்டு, ஒரு கைப்பிடி உப்பை இட்டு, குனிந்து மோந்து பார்த்தார். சரியாக இருந்தது. ஆனால் எதற்குச் சரி என்பது தெரியவில்லை. சூப் என்ற ஒன்றை அவர் எங்கேயும் பார்த்ததில்லை. பார்வைக்கு அது, தாளிக்க மறந்த கூட்டு மாதிரி இருந்தது.

பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு சேக் முகைதீன் கடைக்கே போனார். முகைதீன் மளிகைக் கடை வைப்பதற்கு முன்னால் ஒன்பது வருடம் சரக்குக் கப்பலில் சமையல் கட்டில் இருந்தவர். காலையில் பருப்பை நிறுக்கும்போதே, வியாழக்கிழமை தோறும் கப்பலில் இதைத்தான் காய்ச்சுவோம் என்று சொல்லியிருந்தார். ஊரில் சூப் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

முகைதீன் மூடியைத் திறந்து பார்த்தார். நிறம் சரி என்றார். கரண்டியை நடுவில் நட்டார். அது ஒரு விநாடி நின்று, பிறகு மெதுவாகச் சாய்ந்தது.

"அப்படித்தான் சாயணும். டபக்குன்னு விழுந்தா தண்ணி. விழாமலே நின்னா சிமிண்டு."

"ருசி பார்த்துச் சொல்லுங்கோ பாய்."

"நோம்புல்லா சாமி. பொழுது சாயாம வாயில வைக்க முடியாது."

கண்ணபிரானுக்கு அது மறந்துபோயிருந்தது. அவர் பாத்திரத்தை மூடிக்கொண்டு, அப்படியானால் இதன் ருசி எப்படி இருக்க வேண்டும் என்பதையாவது வாயால் சொல்லும்படி கேட்டார். காரமா, புளிப்பா, கடைசியில் நாக்கில் எது நிற்க வேண்டும்.

முகைதீன் தராசைத் துடைத்தார். வாடிக்கைக்காரர் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டார்.

"அது தெரியாது சாமி."

"ஒன்பது வருஷம் காய்ச்சினேள்."

"காய்ச்சினேன். குடிச்சதில்ல. பெரிய குக்கு பன்னி எலும்பு போடுவாம்லா."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அந்தச் சூப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். மேலே ஆடை படிகிற விதம், மிளகு மிதக்கிற விதம், ஆறும்போது ஓரத்தில் விழும் வெடிப்பு, எல்லாம் விரிவாகப் பேசப்பட்டது. இரண்டு பேரும் விஷயம் தெரிந்தவர்கள். கடைக்கு வந்த ஒரு அம்மாள், இவ்வளவு பேசுவதற்கு ஒரு வாய் குடித்துப் பார்த்துவிடலாமே என்றாள். அவளுக்கும் ஒரு கரண்டி கொடுத்திருக்கலாம். ஆனால் தெருவில் ஆள் பிடித்து ருசி பார்க்க வைத்தார் கண்ணபிரான் என்று பேச்சு வந்துவிடும். பொழுது சாயும்வரை பொறுப்பது என்று முடிவானது.

சாயங்காலம் ஆறு மணிக்கே அவர் திரும்ப வந்து கடை முன்னால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். முகைதீனின் மனைவி ஆயிஷா பீவி, கஞ்சியும் பேரீச்சம்பழமும் கொடுத்தனுப்பியிருந்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் முகைதீன் ஒரு பழத்தைத் தின்று, தண்ணீர் குடித்து, கஞ்சியில் பாதியைக் குடித்து முடித்தார். கண்ணபிரான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகைதீன் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கரண்டி எடுத்து, வாழ்நாளில் முதல் தடவையாகப் பட்டாணி சூப்பை வாயில் வைத்தார்.

கண்ணை மூடினார். சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்துக் குடித்தார்.

"சாமி, கப்பல் கவுந்தா வாய்க்குள்ள இப்படித்தான் வந்திருக்கும்."

"என்ன?"

"உப்பு. ஒரே உப்பு."

கண்ணபிரான் நம்பவில்லை. பதினைந்து வருடத்தில் ஒருத்தர் சொன்னதில்லை என்றார். நாள் முழுக்கப் பட்டினி கிடந்த நாக்கு, அதற்கு நிதானம் தவறியிருக்கும் என்றார்.

"பட்டினி கெடந்த நாக்குக்குக் களிமண்ணக் குடுத்தாலும் ருசிக்கும் சாமி. அதுக்கே இது எறங்கலையே."

வீட்டுக்கு வந்தவர் கொல்லையில் கொஞ்ச நேரம் நின்றார். சுண்டுவிரலைச் சூப்பில் தொட்டு மூக்குவரை கொண்டுபோனார். அங்கேயிருந்து நாக்குக்கு மூன்று அங்குலம்கூட இல்லை. விரலைக் கழுவிவிட்டு, பாத்திரத்தை வாழையடியில் கவிழ்த்தார். அந்த வாழை பிழைக்குமா என்று உள்ளேயிருந்து அரவிந்தவல்லி கேட்டாள்.

மறுநாள் காலை கெஸ்ட் ஹவுஸ் சமையல் கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மம்சாபுரத்திலிருந்து வரும் சுடலையம்மாள் கேரட்டைச் சீவிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக அங்கே பாத்திரம் துலக்குவது, அரைப்பது, காய் நறுக்குவது எல்லாம் அவள்தான். கண்ணபிரான் தொடாத வெங்காயத்தை வதக்குவதும் அவள் வேலை. சமையல் முடிந்ததும் கண்ணபிரான் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு, பின்னறையில் மாட்டியிருந்த பெருமாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பாசுரம் சொல்வார். கால் மணி நேரமாகும். அந்த நேரத்தில் அவள் வெங்காயத்தை வதக்கி, எதெதில் போட வேண்டுமோ அதில் சேர்த்து வைப்பாள். பம்பாய்க்காரர்களுக்கு வெங்காயம் இல்லாமல் இறங்காது. கண்ணபிரான் திரும்பி வரும்போது எல்லாம் மேஜைக்குத் தயாராக இருக்கும்.

முகைதீன் சொன்னதை அவர் அவளிடம் ஒரு வேடிக்கையாகச் சொன்னார். கப்பல், கவிழ்ந்தது, எல்லாம் சொன்னார். சுடலையம்மாள் சிரிக்கவில்லை. நேற்று சமைக்கும்போது கூட யார் இருந்தது என்று கேட்டாள். யாருமில்லை என்றார்.

"அதான்" என்றாள் சுடலையம்மாள்.

கண்ணபிரான் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். அந்தச் சொல் அவர் காதில் விழுந்து, உள்ளே போக நேரமாயிற்று. கரண்டி நின்றது. என்ன அதான் என்று கேட்டார். அவள் கேரட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். மூன்று தடவை கேட்டபிறகுதான் முழுசாகச் சொன்னாள்.

"கல்லுப்பு இருந்தமட்டும் உங்க கை தப்புனதே இல்ல சாமி. அஞ்சு வருசத்துக்கு முன்னால பொட்டலத்துல தூள் உப்பு வாங்க ஆரம்பிச்சாவல்லா, அப்பவும் நீங்க அதே கைப்பிடிதான் போட்டிய. கல்லுன்னா கைக்குள்ள சந்து இருக்கும். தூள் அப்படியா? அம்புட்டும் உப்பு."

"நீ ருசி பார்த்தியா?"

"நீங்க உள்ள போயி பாசுரம் சொல்ல ஆரம்பிச்ச பொறவுதான். அதுக்கு முன்னால தொட்டதில்ல. சத்தியம்."

எப்படிச் சரி செய்தாய் என்று கேட்டார். தினமும் உப்புப் போடாமல் கொஞ்சம் பருப்பைத் தனியாக வேக வைத்து ஒளித்து வைப்பாளாம். சாம்பாரில் அதைக் கலப்பாள். குழம்பில் கிழங்கைப் போட்டு எடுப்பாள். பொரியலில் தேங்காயைக் கூட்டுவாள். அந்தப் பருப்பை அவள் கோழிகளுக்கு எடுத்துப் போகிறாள் என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

கண்ணபிரான் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்தார். அவர் எதையோ கணக்குப் போடுவது போல இருந்தது. நான் உள்ளே எடுத்துப் போன பிறகுதானே நீ சரி செய்தாய் என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

"அப்போ பெருமாளுக்கு?"

"அவருக்கு மட்டுந்தான் நீங்க போட்ட உப்பு அப்படியே போச்சு" என்றாள் சுடலையம்மாள். "அவரு ஒண்ணும் சொல்லல."

மணி பதினொன்றரை. ஒரு மணிக்கு வெர்னர் வந்துவிடுவார். கண்ணபிரானுக்கு முதலில் வந்தது கோபம். அவளை அனுப்பிவிட்டுக் கல்லுப்பை வரவழைத்து, தன் கையால் ஒரு பிடி போட்டு, சரியாக இருப்பதை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் எல்லோருக்கும் காட்டுவதற்கு யாராவது ருசி பார்த்தாக வேண்டும். முதல் ஆள் வெர்னராக இருப்பார். கொடைக்கானல்காரன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பான். பருப்பு அடிப்பிடிக்கிற வாடை வந்தது. எழுந்து கிளறினார்.

சூப் உப்பில்லாமலே பின்னறைக்குப் போயிற்று. வீட்டுப் பெருமாளுக்கு ஆகாத பட்டாணி, கெஸ்ட் ஹவுஸ் பெருமாளுக்கு ஆகுமா என்று அவர் யோசிக்கவில்லை. கெஸ்ட் ஹவுஸ் பெருமாள் ஐந்து வருடமாக நிறையப் பொறுத்துக்கொண்டவர். உப்பில்லாமல் அமுது செய்கிற பெருமாள் சோழ நாட்டில் ஒருவர் உண்டு என்று அவர் தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். அன்று பாசுரம் சீக்கிரம் முடிந்தது. திரும்பி வந்து உப்புப் பொட்டலத்தைச் சுடலையம்மாள் பக்கம் நகர்த்தினார்.

"நீயே போடு."

அவர் எதிரில் ருசி பார்க்க அவள் கூச்சப்பட்டாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பின்னால் சப்புக்கொட்டும் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

"போதுமா?"

"போதும் சாமி."

"நிச்சயமாவா?"

"நீங்க வேணா ஒரு வாய்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பிறகு வெங்காயத்தை எடுத்து வதக்கினாள்.

ஒரு மணிக்கு வெர்னர் வந்து உட்கார்ந்தார். ஐந்தாவது ஓட்டையில் மாட்டியிருந்த பெல்ட்டின் மீதி நுனி, வால் மாதிரித் தொங்கியது. சங்கரலிங்கம் நின்றுகொண்டிருந்தார். கண்ணபிரானும் சுடலையம்மாளும் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். வெர்னர் கிண்ணத்தைப் பார்த்தார். மோந்து பார்த்தார். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். பிறகு கரண்டியை மேஜை மேல் வைத்துவிட்டு, சங்கரலிங்கத்திடம் ஏதோ சொன்னார்.

சங்கரலிங்கம் கதவுப் பக்கம் திரும்பினார். அவர் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

"உப்பு கேக்கான்" என்றார்.

மேஜையில் உப்புக் கிண்ணம் இல்லை. அந்த கெஸ்ட் ஹவுசில் அப்படி ஒன்று கிடையாது. கண்ணபிரான் ஒரு ஊறுகாய்க் கிண்ணத்தைத் துடைத்து, பொட்டலத்திலிருந்து உப்பைக் கொட்டி, தானே எடுத்துப் போய் வைத்தார். மே மாத வெயிலில் காலையிலிருந்து மெஷினுக்கு அடியில் படுத்து வேலை பார்த்த வெர்னரின் சட்டை முதுகில் வியர்வை உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் ஊறுகாய்க் கரண்டியால் ஒரு கரண்டி உப்பை எடுத்துப் போட்டுக் கலக்கினார். குடித்துப் பார்த்தார். இன்னும் அரைக் கரண்டி போட்டார். பிறகு தலையைக் குனிந்தவர் கிண்ணம் காலியாகும்வரை நிமிரவில்லை. இரண்டாவது கிண்ணத்துக்கும் ஒன்றரைக் கரண்டி. மூன்றாவதுக்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவதின் பாதியில் பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினார். சங்கரலிங்கம் வாய்விட்டு எண்ணினார்.

கண்ணபிரான் கதவுக்குப் பின்னால் நின்று இன்னொரு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்துக்கு ஒன்றரைக் கரண்டி என்றால் முழுப் பாத்திரத்துக்கு எவ்வளவு. உள்ளங்கையை விரித்து, மூடிப் பார்த்தார். சரியாக ஒரு பிடி வந்தது.

"பார்த்தியா?" என்றார். "என் கை."

"பாத்தேன் சாமி" என்றாள் சுடலையம்மாள். "உங்க கைக்கு ஏத்த நாக்கு ஜெர்மனியில இருந்துல்லா வரவேண்டியிருக்கு."

சங்கரலிங்கம் ஆபீசுக்குப் போய்க் கொடைக்கானலுக்கு டிரங்க் கால் போட்டு, ஆள் வேண்டாம் என்று சொன்னார். லைன் சரியாகக் கிடைக்கவில்லை. வேண்டாம் என்பதை நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கண்ணபிரான் ஆறு பத்து பஸ்ஸில் ராஜபாளையம் போனார். காலையில் ரொட்டிக்காரன் தாமதமாக வந்தான். பம்பாயிலிருந்து நூல் வாங்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சாதம், சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல். வெர்னருக்கு சூப். உப்பைச் சுடலையம்மாள் போட்டாள். மேஜையில் உப்புக் கிண்ணம் வைக்கப்பட்டது. வெர்னர் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு மில்லுக்குப் போனார். இரண்டாவது மெஷினை அன்று ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றரை மணிக்குச் சுடலையம்மாள் மம்சாபுரம் போனாள். கண்ணபிரான் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் ஏறினார். உட்கார இடம் கிடைத்தது.